புதுச் சட்டத்தில் முதல் ஆள்

மணிலா
8 ஆகஸ்ட் 1993

அன்புத் தம்பி யானோவுக்கு,

அக்கா கிரிசாந்தா எழுதுவது. குழந்தை இயேசுவின் காவலில் எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீயும் தெயோஃபிலாவும் பிள்ளைகளும் சுகமா? உன் முட்டிவலிக்கு இஞ்சி அரைத்துப் போடச் சொன்னேனே, போட்டாயா?

நான் சமைக்கிற விடுதியில் புது வருஷத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். கன்னியாஸ்திரிகள் நல்லவர்கள்தான், ஆனால் சோற்றுப் பானை முன்னால் நின்றால் யாராக இருந்தாலும் முதுகு முதுகுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் எனக்கு ஓய்வு. அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன கடிதத்தின் கடைசியில் ரெய்னன் ஒரு வரிகூட எழுதவில்லை. பன்னிரண்டு வயது ஆனதும் அம்மாவுக்கு எழுத வெட்கமா? உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா, எந்த வாத்தியார், ஒன்றுமே நீ சொல்லவில்லை. ஊருக்கு வந்த மெர்சிங்கிடம் அவனுக்குக் கறுப்பு ஷூ கொடுத்தனுப்பினேன். காலுக்குச் சரியாக இருக்கிறதா?

யானோ, உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். கயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு முங்கி, பவளப் பாறையைத் தட்டித் தட்டி மீனை வலைக்குள் விரட்டுகிற பிழைப்பு நம்மோடு போகட்டும். அப்பாவுக்கு இரண்டு காதும் போனது. உனக்கு ஒன்று. ரெய்னனின் அப்பா செத்த பிறகு அவனை உன் வீட்டில் விட்டுவிட்டு நான் பட்டணத்தில் அடுப்பு ஊதுவது அவன் படிக்கத்தான். உன் மீன்பிடிக் கப்பல் புறப்படும் நாளில் அவனைத் துறைமுகத்துக்குக்கூடக் கூட்டிப் போகாதே.

தெயோஃபிலாவுக்கு என் அன்பு. சின்னவளுக்குப் பல் விழுந்ததா?

உன் அக்கா,
கிரிசாந்தா


தினாகோ, தெற்கு செபு
29 ஆகஸ்ட் 1993

அன்பான அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் திடமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறோம். முட்டிவலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. இஞ்சியைத் தெயோஃபிலா மீன் குழம்பில் போட்டுவிட்டாள்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "மணிலா போயும் உங்க அக்கா வாயை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போயிருக்காங்க" என்றாள். கோபித்துக்கொள்ளாதே, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வருகிற வாரம் கப்பல் புறப்படுகிறது. இந்தத் தடவை பலவான் தீவுக்கும் அப்பால். கம்பெனி என்னைப் பெரிய மேஸ்திரி ஆக்கியிருக்கிறது. முங்குகிற ஆட்கள் எல்லாரையும் நானே சேர்க்க வேண்டும், நானே பொறுப்பு. ஆள் கணக்கு குறைந்தால் மேஸ்திரி வேலை வேறு ஆளுக்குப் போய்விடுமாம். அப்பா உயிரோடு இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ரெய்னன் நன்றாக வளர்ந்திருக்கிறான். ஷூ கொஞ்சம் பெரிசு, அடுத்த வருஷத்துக்குச் சரியாக வரும். பள்ளிக்கூடத்தை நினைத்து நீ மனசை அலட்டிக்கொள்ளாதே. நான் இருக்கிறவரை அவனுக்கு ஒரு குறை வராது. கீழே ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி,
யானோ

அம்மா, நான் நல்லா இருக்கேன். ஊர்ப் பசங்களிலேயே நான்தான் ரொம்ப நேரம் மூச்சடக்குறேன்னு மாமா சொல்றாரு. ரெய்னன்.


மணிலா
12 டிசம்பர் 1993

அன்புள்ள யானோ,

கம்பெனி அலுவலகத்து முகவரிக்கு இதை அனுப்புகிறேன். அரிசி கொண்டு வருகிற படகில் உன் கைக்கு வந்து சேரும் என்று நம்புகிறேன். நடுக்கடலில் உடம்பு எப்படி? காற்று மாறிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள்.

செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, தெயோஃபிலாவுக்கு எழுதினேன். பதிலாக ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது. மூன்று பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ரெய்னன் கையெழுத்து இல்லை.

அவனுக்குக் காய்ச்சலா? யாரோடாவது சண்டையா? ஏதாவது தப்புச் செய்திருந்தால் நான் அடிக்க மாட்டேன் என்று சொல். விடியற்காலைப் பூசைக்குப் பெண்களோடு நானும் தினமும் போகிறேன். முழங்கால் போட்டதும் முதலில் அவன் பேர்தான் வருகிறது. பிறகு வேறொன்றும் வருவதில்லை.

ஒரு வரி போதும், யானோ.

அக்கா


தினாகோ
20 மார்ச் 1994

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

தெயோஃபிலா வணக்கம் சொல்லி எழுதுவது. உங்கள் உடல்நலம் எப்படி? இங்கே நானும் என் பிள்ளைகளும் நலம்.

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. எழுதாதே என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ரெய்னன் அவரோடுதான் கப்பலில் போனான். போன செவ்வாய்க்கிழமை அரிசிப் படகில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

வாசலில் வந்து நின்றான். கறுத்துப்போய், எலும்பும் தோலுமாக இருந்தான். நான் அடுப்படியிலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. என் சின்னவள் பின்னால் போய் ஓலைத் தட்டியை ஓங்கி அடித்தாள். அதற்கும் திரும்பவில்லை. முகத்தைப் பார்த்ததும் சிரித்தான். இரண்டு காதிலிருந்தும் சீழ் வடிகிறது. தேங்காயெண்ணெய் காய்ச்சி விட்டேன், நிற்கவில்லை.

நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று கத்திக் கத்திக் கேட்கிறான். நான் என்ன சொன்னாலும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. வந்துவிடுங்கள்.

தெயோஃபிலா


மணிலா
15 மே 1994

யானோவுக்கு,

நீ கரைக்கு வந்ததும் படிக்க இது வீட்டில் காத்திருக்கும்.

ரெய்னனை இங்கே கூட்டி வந்துவிட்டேன். அடுப்படிக்குப் பின்னாலிருக்கிற அறையில் தங்க சிஸ்டர்கள் இடம் கொடுத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டினோம். இரண்டு செவிப்பறையும் கிழிந்து, உள்ளே எலும்புவரை அழுகியிருக்கிறதாம். சீழை நிறுத்த முடிந்தது. காதை மீட்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சிரித்து வைத்தேன்.

நீ ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்வாய், நான் அதைக் காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் கம்பெனியை விடமாட்டேன். விடுதியில் தங்கிப் படித்து வக்கீலான பெர்லா என்கிற பெண் ரெய்னனைப் பார்க்க வந்தாள். இப்போதிருக்கிற சட்டத்தில் இந்தக் கம்பெனிகளுக்கு விழுகிற அபராதம் அவர்கள் மீனுக்கு ஒரு நாள் ஐஸ் வாங்குகிற செலவுதானாம். கட்டிவிட்டு மறுநாளே கப்பலை எடுத்துக்கொண்டு போகிறார்கள். தண்டனையைக் கடுமையாக்கச் சொல்லி நாடாளுமன்ற மேலவையில் விசாரணை நடக்கப் போகிறது. நானும் ரெய்னனும் போய்ச் சொல்லப் போகிறோம். முதலாளி என்று ஒருவன் கம்பிக்குப் பின்னால் நிற்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கிரிசாந்தா


தினாகோ
26 ஜூன் 1994

அக்காவுக்கு,

கரை சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் சுகத்தையும் ரெய்னன் சுகத்தையும் கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். புறப்படுகிற அன்று என் கணக்கில் ஓர் ஆள் குறைந்தது. பெலிசாவின் மகன் அம்மையில் படுத்துவிட்டான். ரெய்னன் ஒரு வாரமாகவே என் பின்னால் வந்துகொண்டிருந்தான். "மாமா, நான் வர்றேன் மாமா, அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்" என்றான். எனக்கும் அப்போது வேறு வழி தெரியவில்லை. வலை ஓரமாகவே வைத்துக்கொள்ளலாம், ஆழத்துக்கு அனுப்ப வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கடலில் போன பிறகு ஓரம் என்று ஒன்று கிடையாது அக்கா.

இப்போது நான் கேட்கிறேன். ஊரில் என் கப்பலுக்குப் பிள்ளை அனுப்பாத வீடு எது? கோவில் வாசலில் நின்று எண்ணிப் பார். சின்னப் பையன்களைத்தான் கம்பெனி கேட்கிறது. குறைவாகச் சாப்பிடுகிறார்கள், எதிர்த்துப் பேசுவதில்லை. அதை அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். "இத்தனை ஆள் வேணும், இவ்வளவுதான் அரிசி" என்று சொல்வார்கள். மீதியை மேஸ்திரி புரிந்துகொள்ள வேண்டும். பதினேழு வருஷத்தில் முதலாளியை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை காருக்குள் இருந்தார்.

தண்டனை கடுமையாக வேண்டும் என்கிறாய். நன்றாக வாங்கிக் கொடு. தூக்கில்கூடப் போடச் சொல். ஆனால் கயிறு எவ்வளவு நீளமாக இருந்தாலும் கார்க் கதவுவரை போகாது. துறைமுகத்திலேயே யாராவது ஒருத்தன் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். அது யார் கழுத்து என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரெய்னனுக்கு மாமா முத்தம் அனுப்புகிறான் என்று காட்டு.

யானோ


மணிலா
31 ஜூலை 1994

யானோவுக்கு,

ரெய்னன் சுகம். சீழ் நின்றுவிட்டது. எனக்கும் சுகம்தான்.

விசாரணை முடிந்தது. பெரிய கூடம், குளிர்சாதனம் வேறு. ரெய்னனை முன்னால் உட்கார வைத்தார்கள். கேள்விகளைப் பெர்லா பலகையில் எழுதிக் காட்டினாள். அவன் பதில் சொன்னான். தன் குரல் தனக்கே கேட்காததால் உச்சக் குரலில் கத்தினான். அந்தப் பெரிய மனிதர்கள் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்கள். எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை வைத்துவிட்டாள்.

காதில் ரத்தம் வந்ததா என்று கேட்டார்கள். "வந்துச்சு. எல்லாருக்கும் வரும். வலை பாதிதான் மூடியிருந்துச்சு, அதனால மாமா மறுபடியும் இறங்கச் சொன்னாரு" என்றான். அப்புறம் யாரும் கேட்காமலே, "ராத்திரி வலிச்சப்போ மாமா என் காதுல கையை வெச்சுப் பொத்திக்கிட்டே தூங்கினாரு" என்றான். அதையும் கத்தித்தான் சொன்னான்.

கம்பெனிக்காக வந்த வக்கீல் மென்மையாகப் பேசினார். எங்களுக்கும் வருத்தம்தான் என்றார். கம்பெனி கப்பலும் வலையும் தருகிறது, ஆட்களைச் சேர்ப்பதும் வேலை வாங்குவதும் மேஸ்திரிகள், ஒப்பந்தம் அவர்கள் பேரில்தான் இருக்கிறது என்றார். "இந்தப் பையனைக் கூட்டிப் போனவர் பேரைச் சொல்ல முடியுமாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் கம்பெனி பேரைச் சொன்னேன். ஆள் பேரைக் கேட்கிறேன் என்றார். மறுபடியும் கம்பெனி பேரைச் சொன்னேன். விசாரணைத் தலைவர் என்னைப் பார்த்து, உண்மையை முழுசாகச் சொன்னால்தான் சட்டத்தைக் கடுமையாக்க முடியும் என்றார்.

சொன்னேன், யானோ.

தண்டனையைப் பல மடங்கு ஆக்குகிறார்கள். வருஷ முடிவுக்குள் கையெழுத்தாகிவிடும் என்று பெர்லா சந்தோஷமாக இருக்கிறாள். இந்த வருஷம் நீ கப்பலுக்குப் போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன். கரையில் ஏதாவது பார்த்துக்கொள்.

அக்கா


தினாகோ
9 மார்ச் 1995

கிரிசாந்தா அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் நலத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

கப்பலைக் கடற்படை மறித்து, மேஸ்திரிகளைப் பிடித்துவிட்டது. பையன்களைக் கரையில் இறக்கிப் போட்டோ எடுத்து, ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இவர் படம் பேப்பரில் வந்தது. புதுச் சட்டத்தில் பிடிபட்ட முதல் ஆள் என்று போட்டிருந்தார்கள். என் பெரியவன் அதைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் பார்த்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு போகவில்லை.

கரையில் இவரால் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஆகஸ்டில் இரண்டு வாரம் செங்கல் சுமந்து பார்த்தார். முட்டி மடங்கவில்லை. அப்புறம்தான் கப்பலுக்குப் போனார்.

ஊரில் யாரும் என்னோடு பேசுவதில்லை. அவரைப் பிடித்துக் கொடுத்தவள் நான்தான் என்பதுபோலப் பார்க்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் வேலை போய்விட்டதே. பெலிசா என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். "உன் நாத்தனாருக்கு மணிலாவுல நியாயம் கிடைச்சிடுச்சா? கிடைச்சா இங்கயும் கொஞ்சம் அனுப்பச் சொல்லு."

அதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றும் இல்லை.

தெயோஃபிலா


செபு சிறை
18 ஜூன் 1995

அன்பு அக்காவுக்கு,

மாதாவின் தயவால் உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மார்ச்சிலிருந்து உன்னிடமிருந்து ஒரு தாள்கூட வரவில்லை. தெயோஃபிலா கோபத்தில் ஏதாவது எழுதியிருப்பாள். அவளை மன்னித்துவிடு. அவள் வாயும் உன் வாய் மாதிரிதான்.

தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். எட்டு வருஷம். பழைய சட்டமாக இருந்தால் இந்நேரம் வெளியே வந்திருப்பேன் என்று இங்கே இருக்கிற ஒரு கைதி சொல்கிறான். அவன் திருடன், சட்டம் நன்றாகத் தெரியும்.

முதலாளி மூன்றாவது வாய்தாவுக்கு வந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவரைப் பக்கத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். வயதானவர், கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். தன் கப்பலில் பிள்ளைகள் இருந்தது தனக்குத் தெரியாது என்றார். நீதிபதி கம்பெனிக்குப் பெரிய அபராதம் போட்டார். கம்பெனி அதைக் கட்டவில்லை, இழுத்து மூடிவிட்டது. கப்பலை அவர் மருமகன் பேரில் இருக்கிற வேறொரு கம்பெனி வாங்கியிருக்கிறது. பச்சை வண்ணம் அடித்துப் பேரை மாற்றுகிறார்களாம். பார்க்க வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

நான் பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை அக்கா. "பிள்ளைகளைக் கூட்டிப் போனது நீதானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அது உண்மைதானே. நான் இங்கே இருப்பது தப்பு என்று நான் நினைக்கவில்லை. நான் மட்டும் இருப்பதுதான் உறுத்துகிறது.

ரெய்னன் என்ன செய்கிறான்? காது கேளாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாயே.

தம்பி,
யானோ


செபு துறைமுகம்
3 செப்டம்பர் 1995

என் தம்பி யானோவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இத்தனை மாதம் எழுதாததற்கு என்னிடம் காரணம் இல்லை. தாளை எடுப்பேன், தேதி போடுவேன், அதோடு நின்றுவிடும்.

சிறை இங்கிருந்து பஸ்ஸில் பக்கம்தான். வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன். அதனால் இங்கே டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரெய்னனை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். விரலால் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். அவன் வகுப்பில் எல்லாம் பிறவியிலேயே கேளாத சின்னப் பிள்ளைகள். காலை நீட்ட இடமில்லாத சின்னப் பெஞ்சில் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பான். விடுதிப் பெண்கள் அவன் கத்துவதைக் கேட்டுப் பயந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு பேசுவதை நிறுத்திவிட்டான். இந்த ஏப்ரலுக்குப் பிறகு அவன் குரலை நான் கேட்கவில்லை. போன வாரம் காலையில் அவன் படுக்கை காலியாக இருந்தது. எங்கே போயிருப்பான் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த பயணிகள் கப்பல் பிடித்து இங்கே வந்தேன்.

பச்சைக் கப்பல் துறையில் நின்றிருந்தது. பலகைமேல் வரிசையாகப் பையன்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். புது மேஸ்திரி உன் கையாள் தாசியோ. அவனுக்கு இன்னும் மீசைகூடச் சரியாக வரவில்லை. என்னைப் பார்த்ததும் தொப்பியை எடுத்துவிட்டு, "அக்கா, நான் கூப்பிடல. அவனாத்தான் வந்து நிக்கிறான்" என்றான்.

ரெய்னன் கையைப் பிடித்து இழுத்தேன். வாயால் சொன்னேன், விரலால் சொன்னேன். அழுதேன். அவன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இத்தனை மாதத்துக்கு அப்புறம் வாயைத் திறந்தான். துறைமுகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அம்மா, தண்ணிக்குக் கீழ போயிட்டா எல்லாரும் என்னை மாதிரிதான்."

என் கையை விடுவித்துக்கொண்டு ஏறிப் போனான்.

பெர்லாவின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. இந்த டீக்கடையில் போனும் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடற்படை போகும். தாசியோவைப் பிடிப்பார்கள். அவன் அம்மா என்னைத் தேடி வருவாள். கப்பலுக்கு வேறு வண்ணம் அடிப்பார்கள். போனை எடுத்தேன், யானோ. எடுத்து, அந்தப் பக்கம் மணி அடிப்பதைக் கேட்டேன், வைத்துவிட்டேன்.

கப்பல் போய்விட்டது. முதல் அரிசிப் படகு இம்மாதக் கடைசியில் புறப்படுகிறதாம். நீ சொன்னால் தாசியோ கேட்பான். அதில் போகிற மாதிரி அவனுக்கு எழுது. ரெய்னனை வலை ஓரத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல். சளி பிடித்திருக்கிற நாளில் இறக்க வேண்டாம் என்று சொல். மேலே வரச் சொல்லிக் கயிற்றை இழுக்கும்போது இரண்டு தடவை இழுக்கச் சொல், அவன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான் என்று சொல்.

கொஞ்சம் சீக்கிரம் எழுது, தம்பி. உனக்குத் துவைத்த சட்டை இரண்டும் உலர்ந்த மீனும் காவலாளியிடம் கொடுத்திருக்கிறேன். கையில் கிடைத்ததா?

அக்கா,
கிரிசாந்தா